கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்கள்

கவாசாகி
ஆகஸ்ட் 18

நத்தைக்கு,

கடிதத்தை வெயிலையோ மழையையோ சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாய். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் எண் வேலை செய்யவில்லை. இணையத்தில் நீ இருந்த இடங்களில் எல்லாம் "இப்படி ஒருவர் இல்லை" என்று வருகிறது. பதினொரு வருடமாக நீ கதை எழுத, நான் படம் வரைய, தினம் நாலு தடவையாவது சண்டை போட்ட இடம் அது. இப்போது உன்னைப் பிடிக்க என்னிடம் இருப்பது புத்தகப் பெட்டி அனுப்பும் சீட்டில் எழுதிய உன் வீட்டு முகவரி மட்டும்தான். எல்லா வம்பும் அந்தச் சீட்டில்தான் ஆரம்பித்தது என்பது எனக்கும் தெரியும்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்குக் கோப்பு போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம் காலை ஒன்பது. மூக்குக் கண்ணாடிக் கடையை நான் திறக்க வேண்டியது ஒன்பதரை. கடைசிப் பக்கத்து விவரம் மட்டும் பாக்கி. எழுதியது யார், வரைந்தது யார், என்ன தேதி, எந்த அச்சகம் என்று அந்தப் பக்கம் சொல்லாவிட்டால் நம்மைப் போல் சொந்தமாகப் புத்தகம் போடுபவர்களின் சந்தையில் ஒரு பிரதிகூட விற்க விடமாட்டார்கள், உனக்குத் தெரியாததா. நம் பெயர்கள் இருந்த குறிப்பை எடுத்து ஒட்டினேன். அது பெட்டி அனுப்புவதற்காக வைத்திருந்த குறிப்பு. அட்டையில் இருப்பது போலவே நத்தை, நண்டு என்று புனைபெயர் வர வேண்டிய இடத்தில் இசோபே கனாயே, தமாகி ரிட்சுகோ என்று நிஜப் பெயர்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. உன் பெயருக்குக் கீழே உன் ஊரும். நூற்றிருபது பிரதியிலும்.

மன்னித்துவிடு. இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். நீதான் நிற்கவில்லையே.

ஆனாலும் அன்றைய நாள் நல்லபடியாகத்தான் தொடங்கியது, அதை நீ மறந்துவிடக் கூடாது. ஏழரைக்கே சந்தை நடக்கும் அரியாகே மண்டபத்துக்குள் போய்விட்டோம். நமக்கு ஒதுக்கிய அரை மேஜை முழுக்க விளம்பரத் தாள்கள் குவிந்து கிடந்தன. அதை நீ அடுக்கியே தீருவேன் என்று அடம்பிடித்தாய். "குப்பைக்குப் போறத எதுக்குடி அடுக்குற?" என்றேன். "குப்பையா இருந்தாலும் நேரா இருக்கட்டும்" என்றாய். இடது பக்கம் ரயில் நேர அட்டவணையைப் பற்றி மட்டுமே புத்தகம் போடும் அந்தத் தாத்தா. வலது பக்கம் முதல் தடவையாக வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், அப்போதுதான் உட்கார்ந்து தாளை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தார்கள். உன் ஊர் செர்ரி ஜெல்லியை எல்லா மேஜைக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, "இன்னைக்குப் பூரா தொந்தரவு குடுப்போம், பொறுத்துக்குங்க" என்று குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்தாய்.

பத்தரைக்குத் திறப்பு அறிவிப்பு வந்ததும் மண்டபம் மொத்தமும் கை தட்டியது. ஒவ்வொரு வருடமும் அந்தக் கைதட்டலில் உனக்குக் கண் கலங்கும், தூசி என்பாய். கலங்கியது. அப்புறம்தான் நம் மேஜைக்கு முன்னால் ஆள் நின்றது. ஒருவர், இருவர், பிறகு பன்னிரண்டு பேர். பதின்மூன்று வாரத்தோடு நிறுத்திவிட்ட, நம்மைத் தவிர யாருக்கும் ஞாபகம் இல்லாத "வெண்கடல் ரயில்" தொலைக்காட்சித் தொடரை வைத்து நாம் செய்த கதைக்கு வரிசை! பனியில் மாட்டிக்கொண்ட ஒரு ரயில் நிலையம், அதில் கேப்டன் யூகே, கைகாட்டிக்காரன் தோபி, இருவரின் காதல். இதற்குப் போய் வரிசை. நீ ஓவியத் தாளைக் கிழித்து "வரிசை இங்கே முடிகிறது" என்று உன் கரும்பலகை எழுத்தில் எழுதி, கடைசியாக நின்றவர் கையில் கொடுத்தாய். அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, அந்தத் தாள் மதியம் வரை கை மாறிக்கொண்டே இருந்தது. உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு வந்த பெண் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றாள். நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பினாய். "நண்டு, இது என்ன?" என்றாய். சத்தமே இல்லாமல் கேட்டாய். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றேன். மிச்சம் இருந்த பிரதிகளைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாய். நான்கு மணிக்கு முடிவு அறிவிப்புக்கும் கை தட்டினார்கள். நான் மட்டும் தனியாக நின்றேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

நண்டு


யமகதா
ஆகஸ்ட் 26

தமாகிக்கு,

முதல் வேலையாக, உறையின் பின்னால் உன் பெயரை எழுதாதே. எங்கள் தபால்காரர் என் வகுப்புப் பையன் ஒருவனின் சித்தப்பா. "டோக்கியோ பக்கத்துல சிநேகிதி இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் உறையைக் கையில் கொடுத்தார்.

உன் கடிதத்தில் சிவப்பு மையால் திருத்த எனக்குக் கை அரித்தது. மன்னிப்பு இரண்டு வரி, வேடிக்கை இரண்டு பக்கம். எனக்கு நடந்ததை வேடிக்கையாக எழுதாதே.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வேறு வழியில் ஒரு யென் சம்பாதித்தாலும் விதிப்படி குற்றம். புத்தகம் விற்று நாம் என்றைக்குச் சம்பாதித்தோம் என்று நீ சிரிப்பாய், கல்வி அலுவலகம் சிரிக்காது. அதற்கும் மேல், இருபத்திரண்டாம் பக்கத்தில் இரண்டு ஆண்கள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். இந்த ஊரில் போன வருடம் முடிக்குச் சாயம் பூசிய ஆசிரியரைப் பற்றியே நான்கு மாதம் பேசினார்கள். பதினொரு வருடமாக நான் ரயிலேறி வந்து, நத்தையாக ஒரு நாள் இருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியது எதற்காக என்று நினைக்கிறாய்? விளையாட்டுக்கா?

எண்பத்தேழு பிரதிகள் வெளியே இருக்கின்றன. முப்பத்து மூன்று என் துணி அலமாரியில், குளிர்காலப் போர்வைக்கு அடியில். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து யாராவது செல்போனைப் பார்த்துச் சிரித்தால் அவர்கள் பின்னால் போய் நின்று திரையை எட்டிப் பார்க்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது முதுகுப் பக்கம் பேச்சு நின்றால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காலையில் மாதிரிப் பிரதி வாங்கிச் சரிபார்க்க, சந்தை நடத்துபவர்கள் அனுப்பும் தன்னார்வலர் பெண் வருவாள். அவள் முதலில் பார்ப்பதே கடைசிப் பக்கத்தைத்தான். நான் ஜெல்லி கொடுக்கப் போயிருந்தபோது அவள் வந்துபோனாள் என்று நீ சொன்னாய். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது நீ பார்க்கவில்லையா?

இசோபே


கவாசாகி
செப்டம்பர் 3

நத்தைக்கு,

தமாகி என்று குடும்பப் பெயரால் கூப்பிட்டால் என் கடை முதலாளி கூப்பிடுவது போல இருக்கிறது. வேண்டாம்.

அந்தப் பெண் வந்தாள், திறந்தாள், எல்லாம் இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள், போனாள். நான் மேஜைத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். துணி ஒரு பக்கம் இறங்கினால் உனக்குப் பிடிக்காதே.

நீ வீணாகப் பயப்படுகிறாய். கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? உப்புமூட்டையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்கிறவள் மாதிரி எப்போதும் ஒரு பயம் உனக்கு. எண்பத்தேழு பேரும் நம்மைப் போன்றவர்கள். தங்கள் வீட்டிலும் இப்படிப் புத்தகங்களை ஒளித்து வைத்திருப்பவர்கள். காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

குளிர்காலச் சந்தைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய். மேஜை ஒதுக்கும் குலுக்கல் முடிவு நவம்பரில் வரும், அதற்குள் உன் கோபம் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

நண்டு


யமகதா
செப்டம்பர் 29

தமாகிக்கு,

உன் எண்பத்தேழு பேரில் ஒருத்தி என் ஊர்.

என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அக்கா டோக்கியோவில் படிக்கிறாள். கெட்ட எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை. தனக்குப் பிடித்த புத்தகத்தில் தன் ஊர்ப் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். "இது நம்ம டீச்சர் பேர் இல்ல?" என்று அந்த அம்மாள் மற்ற அம்மாக்களுக்கு அனுப்பிவிட்டாள். மூன்றே நாள். துணைத் தலைமையாசிரியர் என்னைப் பழைய ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இசோபே டீச்சர், இது நீங்களா?"

"பேர் என்னோடதுதான்" என்றேன்.

அவர் ஜன்னலையும் சாத்தினார். மனிதர் கெட்டவர் இல்லை, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற வேண்டியவர். "யாராவது உங்க பேரைத் தப்பா போட்டிருக்கலாம் இல்லையா? அப்படி இருந்தா, போட்டவங்க கிட்ட எழுத்துல வாங்கி, அவங்க பேர் முத்திரையோட கொண்டு வாங்க. கல்வி அலுவலகத்துலேர்ந்து ஒன்பதாம் தேதி வராங்க. அப்ப காட்டிட்டா எல்லாருக்கும் நல்லது. இல்லேன்னா வருஷ நடுவுல உங்களை வகுப்புலேர்ந்து எடுக்க வேண்டி வரும்."

என் வகுப்பில் முப்பத்து நான்கு பேர். மார்ச்சில் அவர்களுக்கு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. மூன்று வருடமாக அவர்களோடு இருக்கிறேன். எவன் கட்டுரையில் எந்த இடத்தில் தடுமாறுவான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது நடுவில் வேறு ஒருவர் கையில் அவர்களைக் கொடுத்துவிட்டுப் போக என்னால் முடியாது. அதனால் கேட்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

எழுத வேண்டியதை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையால் நகலெடுத்து, தேதி போட்டு, முத்திரை குத்தி அனுப்பு.

"தமாகி ரிட்சுகோ ஆகிய நான் தெரிவித்துக்கொள்வது: மேற்படி புத்தகத்தின் கதையும் படமும் முழுக்க என் சொந்தப் படைப்பு. நத்தை, நண்டு ஆகிய இரண்டும் என்னுடைய புனைபெயர்களே. இசோபே கனாயே என்பவர் சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதியவர். அவரை நான் நேரில் சந்தித்ததில்லை. பக்கங்களைத் தயாரிக்கும்போது முகவரிக் குறிப்பு மாறி அவர் பெயர் அச்சாகிவிட்டது. புத்தகம் விற்று முடியும் வரை நான் இதைக் கவனிக்கவில்லை. அவருக்கு நேர்ந்த சங்கடத்துக்கு மன்னிப்புக் கோருகிறேன்."

இசோபே


கவாசாகி
அக்டோபர் 4

நத்தைக்கு,

நீ கேட்டது உள்ளே இருக்கிறது. கறுப்பு மை, நல்ல தாள், முத்திரை கோணாமல் விழுந்திருக்கிறது. இந்தப் பொய்யைக்கூட நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், வாசகர் கடிதம் என்று சேர்த்தது எனக்குத் தோன்றியே இருக்காது. "நேரில் சந்தித்ததில்லை" என்ற வரியை நகலெடுக்க எனக்கு மூன்று தாள் வீணானது. காய்ச்சலில் கிடந்த என் தலையில் ஈரத்துணி போட்டவள் நீ. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஆனால் கடைசிக்கு முந்தின வரி இருக்கிறதே, "நான் இதைக் கவனிக்கவில்லை". அதையும் எழுதி முத்திரை குத்திவிட்டேன். அவர்களுக்கு அது போதும். உனக்கு உண்மை தெரிய வேண்டும். இதைப் படித்ததும் கிழித்துப்போடு.

நான் கவனித்தேன். காலை ஒன்பது இருபதுக்கு.

அந்தப் பெண் மாதிரிப் பிரதியைப் பின்பக்கமாகத் திறந்து மேஜையில் வைத்தாள். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக இருந்தாலும் உன் பெயர் எனக்குத் தெரியாதா? அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "பேர் இருக்கு, தேதி இருக்கு, அச்சகம் இருக்கு. எல்லாம் சரியா இருக்குங்க" என்றாள். "நன்றி" என்றேன். திறப்பதற்கு இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. பக்கத்து மேஜைப் பெண்களிடம் விலை எழுதி ஒட்ட வெள்ளை ஒட்டுத்தாள் ஒரு கட்டே இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர்கள் இருவரும், நீயும் நானும், அந்தத் தாத்தாவும் சேர்ந்தால் நூற்றிருபது பிரதியையும் மூடி ஒட்டியிருக்கலாம். எல்லோருக்கும் இந்தத் தப்பு நடந்திருக்கிறது, எல்லோரும் ஒட்டியிருக்கிறார்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நான் சொல்லவில்லை. சொன்னால் நீ ஒட்டுத்தாளை நம்ப மாட்டாய், யாராவது உரித்துப் பார்ப்பார்கள் என்பாய், பெட்டியை மூடு என்பாய். பதினொரு வருடத்தில் நாம் செய்ததிலேயே நல்ல புத்தகம் அது. விற்காமல் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் வரிசை வந்துவிட்டது. நீ தாளில் எழுதிக் கொடுத்தாய், சிரித்தாய். ஒவ்வொரு பிரதி போகும்போதும் அடுத்த பிரதிக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எண்பத்தேழு தடவை நினைத்தேன்.

இன்னும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் நிஜப் பெயர்கள் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சில் இருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் அச்சான எந்தத் தாளிலும் இருந்ததில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. இவ்வளவு கேவலமான காரணம் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

நண்டு


யமகதா
அக்டோபர் 14

தமாகிக்கு,

கிழிக்கச் சொன்னாய். கிழித்தேன். எரிக்கலாம் என்று பார்த்தேன், வீட்டு வாசலில் புகை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.

ஒன்பதாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். கல்வி அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். மூத்தவர் முன்பு என்னைப் போலவே மொழிப்பாட ஆசிரியராக இருந்தவர். உன் தாளைப் படித்தார், முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தலையாட்டினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்புறம் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். எங்கிருந்தோ ஒன்று வாங்கியிருக்கிறார்கள்.

"நீங்களும் மொழி டீச்சர்தானே. இதப் படிச்சுப் பாருங்க. எப்படி இருக்கு எழுத்து?" என்றார்.

சந்தேகப்பட்டுக் கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். பனி பெய்யத் தொடங்கும் இடம். அந்தப் பத்தியை ஏழு தடவை திருத்தி எழுதினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். பிறகு வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். "முதல் வரியே நீளம். உணர்ச்சியைக் காட்டாம, சொல்லிக்கிட்டே போறாங்க. பழக்கம் இல்லாதவங்க எழுத்து. எங்க பசங்க இதைவிட நல்லா எழுதுவாங்க."

இளையவர் சிரித்தார். துணைத் தலைமையாசிரியர் நிம்மதியாக மூச்சு விட்டார். மூத்தவர், "அப்படி ஒண்ணும் மோசமாத் தெரியலயே" என்றார். நான், "மோசம்தான் சார்" என்றேன்.

வகுப்பு என்னிடமே இருக்கிறது. அதற்கு உன் தாள்தான் காரணம். நன்றி.

ஒன்பது இருபதைப் பற்றி எழுத நான்கு நாள் முயன்றேன். அந்த நேரத்தில் நான் யாரோ ஒருவரிடம் குனிந்து ஜெல்லி கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. தவறு யாருக்கும் நடக்கும், அதை நான் மன்னித்திருப்பேன். செப்டம்பரிலேயே பாதி மன்னித்தும்விட்டேன். நீ பார்த்துவிட்டுப் பேசாமல் நின்ற அந்த ஒரு மணி பத்து நிமிடத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாய். அந்தச் சந்தோஷம் யாருடையது? எனக்குத் தெரியாமல் என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நீ வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

முப்பத்து மூன்று பிரதிகளையும் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டேன். வேறு ஒட்டிக்கொள், உன் பெயர் மட்டும். தாளில் சொன்னபடி நத்தையும் இனி நீதான். நாம் சந்தித்ததில்லை. இனியும் சந்திக்க வேண்டாம்.

இசோபே


கவாசாகி
ஜனவரி 3

நத்தைக்கு,

உறையில் பெயர் எழுதவில்லை. கையெழுத்தைக்கூட மாற்றி எழுதினேன். எழுதக் கூடாது என்று இரண்டரை மாதம் இருந்தேன். இப்போது எழுதாமல் இருந்தால் திருட்டு ஆகிவிடும், அதனால்தான்.

குலுக்கலில் இடம் கிடைத்தது. டிசம்பர் முப்பதாம் தேதி தனியாகப் போனேன். கையில் பழைய முப்பத்து மூன்று பிரதிகள், நான் ஒட்டிய புதிய கடைசிப் பக்கத்தோடு. புதிய புத்தகம் எதுவும் இல்லை. கதை எழுத உட்கார்ந்து பார்த்தேன். யூகே வாயைத் திறந்தாலே என் கடை வாடிக்கையாளர் மாதிரி பேசுகிறான், விட்டுவிட்டேன். அந்தத் தாத்தா இந்தத் தடவையும் பக்கத்து மேஜைதான். "இன்னொரு பொண்ணு எங்க?" என்று கேட்டார். "நான் எப்பவும் ஒருத்திதானே தாத்தா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் அட்டவணைகளை அடுக்க ஆரம்பித்தார்.

மதியம் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கோடையில் நம் வரிசையில் நின்றவராம், உன் தாளைக் கையில் பிடித்திருந்தாராம். ஒரு உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நத்தைங்கிறது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? இல்லை என்றால் அப்புறம் யார் என்று தேடுவார், தேடினால் உன்னிடம் வந்து நிற்கும்.

"என் வாழ்க்கையிலயே இப்படி ஒருத்தருக்கு லெட்டர் எழுதினது இல்லைங்க. மூணாம் பக்கத்துல பனி பெய்யுதே, அதை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. எங்க வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆச்சு. அதைப் படிக்கிற வரைக்கும் எனக்கு அழவே வரலீங்க."

குனிந்து நன்றி சொன்னேன். இன்னும் கீழே குனிந்தேன். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயமாக இருந்தது.

அவர் போகவில்லை. கடைசியில் யூகே தனியாக உட்கார்ந்து இரண்டு பேருக்கு அரிசி ஊறவைப்பதோடு கதை முடிகிறதே, அதைப் பற்றிக் கேட்டார். "தோபி திரும்பி வருவானாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வருவான் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன், வருவதாகக் கடைசிப் படக் கட்டத்தில் வரையவும் பார்த்தேன், நீ விடவில்லை. ஏன் என்று நான் கேட்கவே இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எழுதினதே நீங்கதானே, யோசிக்கணுமா?"

அவருடைய கடிதத்தை நான் பிரிக்கவில்லை. இது என்னுடையது இல்லை. இத்துடன் அனுப்புகிறேன். அவர் முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது, பதில் எதிர்பார்ப்பார். நீ எழுத முடியாது, எனக்கு எழுதத் தெரியாது. என்ன செய்ய என்று சொல்.

உன்னை மன்னிக்கச் சொல்லி இதில் கேட்கவில்லை. கேட்கத்தான் ஆசை.

ரிட்சுகோ


யமகதா
ஜனவரி 12

தமாகி ரிட்சுகோ அவர்களுக்கு,

பனி கடுமையாக இருக்கும் இந்நாட்களில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் உறை கிடைத்தது. அதனுள் இருந்த வாசகர் கடிதம் நத்தை என்பவருக்கு எழுதப்பட்டது. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. ஆகவே அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி இந்த முகவரிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மாளுக்குப் பதில் எழுதுவீர்களானால்: தோபி வரமாட்டான். யூகேவுக்கு அது தெரியும். ஒருவருக்கு மட்டும் அரிசி அளக்க அவனுக்கு இன்னும் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இசோபே கனாயே